சுவரில் தேதி பார்ப்பது: இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குக்கோயிலில் இரண்டு மணி நேரம்

இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய சர்ச்சுக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இது எந்த நூற்றாண்டுக் கட்டடம்?" வாசல் மேசையில் கிடக்கும் துண்டறிக்கையும் '12ஆம் நூற்றாண்டு' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். அதை நம்பிச் சுற்றிப் பார்த்தால் எதுவும் ஒன்றோடொன்று பொருந்தாது. சுவர் 1100ஐ ஒட்டியது, தூண்கள் 1200ஐ ஒட்டியவை, சன்னல்கள் 1320, கூரை 1470, தரை ஓடு 1865 என்று இருப்பதுதான் அங்கே சாதாரணம். ஆகவே கோயிலுக்கு மொத்தமாகத் தேதி போடாதீர்கள். பாகம் பாகமாகப் போடுங்கள். எது எதை வெட்டிக்கொண்டு போகிறது, எது எதன்மேல் ஏறி நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கையில் ஒரு சிறிய பைனாகுலர், நல்ல கைவிளக்கு, 5 மீட்டர் டேப், பென்சில், கட்டம் போட்ட தாள் இருக்கட்டும். திசை பார்க்கப் போனே போதும். ஆகஸ்டிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது போகாதீர்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று முகப்பு மண்டபத்தில் பெரும்பாலும் எழுதி ஒட்டியிருப்பார்கள். வழிபாடு நின்றுபோன 350க்கும் மேற்பட்ட கோயில்களைச் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் பராமரிக்கிறது. அவற்றில் பலவும் பகலில் திறந்தே இருக்கும், ஆள் நடமாட்டமும் குறைவு. பழகுவதற்கு அவையே தோதான இடம்.

முதலில் அமைப்பு

பலிபீடம் கிழக்கே. மணிக்கோபுரம் பெரும்பாலும் மேற்கே. இடையில் இரண்டு பகுதிகள்: மக்கள் நின்ற நீண்ட கூடம் நேவ், அதற்குக் கிழக்கே குருவானவர் பூசை செய்த பகுதி சான்சல். இரண்டையும் பிரிப்பது சான்சல் வளைவு. நேவின் வடக்கிலும் தெற்கிலும் பக்கக் கூடங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நுழைவாயிலும் முகப்பு மண்டபமும் வழக்கமாகத் தெற்கே.

இதோடு ஒரு பணக்கணக்கையும் நினைவில் வையுங்கள். 13ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்ட முறைப்படி, நேவைப் பழுதுபார்ப்பது ஊர்மக்கள் செலவு, சான்சலைப் பழுதுபார்ப்பது தசமபாகம் (ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்கும் ரெக்டரின் செலவு. பல ஊர்களில் அந்த ரெக்டர் ஓர் ஆளே அல்ல, எங்கோ இருந்த ஒரு மடம். தசமபாகத்தை வாங்கிக்கொள்ளும், சான்சலில் ஒரு கல்லை மாற்றுவதென்றால் கையை இறுக்கிக்கொள்ளும். நேவ் அரண்மனை போலவும் சான்சல் மாட்டுக்கொட்டகை போலவும் இருந்தால், ஊரில் காசு இருந்தது, மடம் கொடுக்கவில்லை என்று பொருள். மறுதலையாகவும் நடக்கும். லிங்கன்ஷர் ஹெக்கிங்டனின் அருமையான சான்சல், வசதியான ரெக்டர் 14ஆம் நூற்றாண்டில் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

வெளியே ஒரு சுற்று

உள்ளே போகும் அவசரத்தை அடக்கி, கல்லறைத் தோட்டம் வழியாக முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். சுவரின் சங்கதி வெளியேதான் அதிகம் தெரியும். உள்ளே சாந்துப் பூச்சு மறைத்துவிடும்.

மூலைகளைப் பாருங்கள். ஒரு கல் நெட்டுக்குத்தாக, அடுத்த கல் படுக்கையாக, மறுபடி நெட்டுக்குத்தாக என்று மாறி மாறி வந்தால் அது சாக்சன் வேலை, அதாவது பெரும்பாலும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்கு முந்தையது. நார்தாம்டன்ஷர் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் இதைப் பாடப்புத்தகம் போலப் பார்க்கலாம். சாக்சன் சுவர் உயரமாகவும் மெல்லியதாகவும் இருக்கும், தடிமன் முக்கால் மீட்டரை ஒட்டி. நார்மன் சுவர் பெரும்பாலும் ஒரு மீட்டரை எட்டும், தாண்டவும் செய்யும். வாசலிலோ சன்னலிலோ டேப்பை வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, சுவரில் மேலிருந்து கீழே நேராக ஓடும் தையல் போன்ற கோடு. கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னாமல் இரண்டு பக்கமும் தனித்தனியாக முடிந்தால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் கட்டடம் முடிந்திருந்தது, பிறகு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். மேற்குச் சுவரில், நேவும் பக்கக் கூடமும் சேரும் இடத்தில் இதைத் தேடுங்கள். பழைய நேவின் மூலைக்கற்கள் சுவரின் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்.

கோபுரத்தின் கிழக்கு முகத்தில், கூரைக்கு மேலே, தலைகீழ் 'V' போல ஒரு தழும்பு தெரிகிறதா? அது பழைய செங்குத்தான கூரையின் கோடு. 15ஆம் நூற்றாண்டில் ஈயத் தகடு வேய்ந்த தட்டையான கூரை வந்தபோது பழையதைக் கழற்றினார்கள். அதே தழும்பு நேவுக்குள் நின்று பார்க்கும்போது தெரிந்தால், சுவரை உயர்த்தி மேல்வரிசைச் சன்னல்கள் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தெற்கு வாசலருகே, சுமார் மார்பு உயரத்தில், நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கோடுகளும் கீறப்பட்டிருக்கலாம். துளையில் குச்சி செருகி, நிழல் பார்த்துப் பூசை நேரம் அறிந்த கடிகாரம் அது. அடைக்கப்பட்ட வடக்கு வாசலைக் காட்டி, ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியேறுவதற்கான வழி என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். ஊர்வலங்கள் வெளியே போய்ச் சுற்றிவர அந்த வாசல் உதவியது. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் ஊர்வலங்கள் நின்றன, குளிர்காற்று வரும் ஓட்டையாக அது மட்டும் மிஞ்சியது, அடைத்துவிட்டார்கள்.

சன்னலைப் பார்த்துத் தேதி

இப்போது வழங்கும் பாணிப் பெயர்கள் தாமஸ் ரிக்மன் 1817இல் வகுத்தவை. கட்டியவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனாலும் வசதியானவை.

அரைவட்ட வளைவு, தடித்த சுவரில் சின்ன சன்னல், வாசலைச் சுற்றி ரம்பப்பல் போன்ற செதுக்கு: நார்மன், 1066 முதல் ஏறக்குறைய 1190 வரை. ஹெரிஃபோர்ட்ஷர் கில்பெக்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1140ஐ ஒட்டிய அந்தச் சின்னக் கோயிலின் கூரைவிளிம்பைச் சுற்றி 80க்கும் மேற்பட்ட தாங்குகற்கள், நாயும் முயலும் உட்பட ஒவ்வொன்றும் ஓர் உருவம்.

ஒடுங்கிய, நெடிய, கூர்நுனிச் சன்னல், தனியாகவோ மூன்று சேர்ந்தோ: ஏர்லி இங்கிலிஷ், 1190 முதல் 1275 வரை. அந்த மூன்றையும் ஒரே வளைவுக்குள் கொண்டுவந்து, நடுவே மிஞ்சும் கல்லைக் குடைந்து வட்டம், இலை, பிறகு தீக்கொழுந்து போல நெளியும் கல்பின்னல் என்று போனது டெக்கரேட்டட், 1350 வரை. 1348இல் கொள்ளைநோய் வந்தது. அதன்பின் ஓங்கியது பெர்பெண்டிகுலர். சன்னலின் நிற்கும் கல்சட்டங்கள் வளையாமல் நேராக மேலேறி வளைவின் விளிம்பில் போய் முட்டினால் அதுதான். 1540 வரை அதுவே ஆண்டது. கம்பளி வியாபாரத்தில் சம்பாதித்த காசு இந்தப் பாணியில்தான் கல்லாக மாறியது: சஃபோக்கில் லாவனம், லாங் மெல்ஃபோர்ட், குளோஸ்டர்ஷரில் நார்த்லீச்.

இங்கேதான் தவறு நடக்கும். பெர்பெண்டிகுலர் சன்னல் இருக்கிறது, ஆகவே சுவரும் 15ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடுவார்கள். வெளிச்சம் போதவில்லை என்று பழைய சுவரை உடைத்துப் பெரிய சன்னல் வைப்பது அன்று எல்லா ஊரிலும் நடந்த வேலை. சன்னல் சட்டத்தைச் சுற்றி ஒரு முழம் வரை சுவரைப் பாருங்கள். கல்வரிசை சட்டத்தோடு சேர்ந்து ஓடினால் இரண்டும் ஒரே காலம். வரிசை உடைந்து, சின்னச் சின்னக் கல்லும் அதிகச் சாந்துமாக ஒட்டுப்போட்டிருந்தால் சன்னல் பின்னால் வந்தது. சற்றுத் தள்ளி அடைபட்ட பழைய சன்னலின் அரைவட்டத் தலை தெரிந்தால் சந்தேகமே இல்லை. இன்னொன்று: மேலே சொன்ன ஆண்டுகளைக் கத்தி வைத்து வெட்டியது போல எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராமத்துக் கொத்தனார் தாத்தா காலத்து அச்சையே இருபது முப்பது ஆண்டு கூடுதலாக ஓட்டியிருப்பார்.

உள்ளே: மேலே பழசு, கீழே புதுசு

நேவின் மேற்கு ஓரத்தில் நின்று, இருபக்கத் தூண் வரிசைகளையும் ஒப்பிடுங்கள். வடக்கே உருண்டைத் தூணும் அரைவட்ட வளைவும், தெற்கே எண்கோணத் தூணும் கூர்வளைவுமாக இருந்தால் பக்கக் கூடங்கள் வெவ்வேறு காலத்தில் சேர்க்கப்பட்டவை.

பக்கக் கூடம் சேர்ப்பதென்றால் முழுச் சுவரையும் இடித்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படிச் செய்வதில்லை. பழைய கூரையை அப்படியே விட்டு, சுவருக்கு முட்டுக்கொடுத்து, கீழ்ப்பகுதியை மட்டும் துளை துளையாக உடைத்துத் தூண்களையும் வளைவுகளையும் உள்ளே செருகுவார்கள். கீழே நிற்கும் தூணைவிட அதன்மேல் இருக்கும் சுவர் நூறு ஆண்டு மூத்ததாக இருப்பது இப்படித்தான். சான்று வேண்டுமென்றால் வளைவுகளுக்கு மேலே பைனாகுலரைத் திருப்புங்கள். வளைவு ஏறும்போது கடித்துத் தின்ற சின்ன நார்மன் சன்னலின் பாதி அங்கே தொங்கிக்கொண்டிருக்கலாம்.

சான்சலின் தெற்குச் சுவர்

பலிபீடத்துக்கு வலக்கைப் பக்கம், சுவரில் ஒரு சிறு மாடம். அதன் அடியில் கிண்ணம் போன்ற குழி, குழியில் வடிகால் துளை. இதுதான் பிசினா. நற்கருணைப் பாத்திரம் கழுவிய நீர் புனிதமானது, வெளியே கொட்டக் கூடாது. அதனால் சுவர் வழியாகக் கோயில் மண்ணுக்குள்ளேயே இறங்கும்படி வைத்தார்கள். பக்கக் கூடத்தின் கிழக்கு ஓரத்திலோ தூணிலோ ஒரு பிசினா தென்பட்டால், அங்கே ஒரு காலத்தில் இன்னொரு பலிபீடம் இருந்தது. தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பக்கத்தில் சுவரைக் குடைந்து மூன்று இருக்கைகள்: செடிலியா. குருவானவருக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும். உட்காரும் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துபாருங்கள். ஆள் வசதியாக உட்கார 45 செ.மீ. வேண்டும். 20 செ.மீ.தான் இருக்கிறதென்றால் இருக்கை இறங்கவில்லை, தரை ஏறியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பலிபீடம் எடுப்பாகத் தெரியப் படிகள் சேர்த்து உயர்த்தியிருப்பார்கள். பிசினா முழங்கால் உயரத்தில் இருந்தாலும் இதே காரணம்தான்.

எதிர்ச் சுவரில், கதவின் கீல் கொக்கி மிஞ்சிய சதுர மாடம், பாத்திரங்கள் வைத்த அலமாரி. சான்சலின் தென்மேற்கு மூலையில் தாழ்வாக ஒரு சன்னல் இருந்தால், தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்த்த சன்னல் என்பார்கள். தொழுநோயாளிகளை வளாகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். பூசையின் உச்ச நேரத்தில் கைமணியை வெளியே கேட்கும்படி அடிப்பதற்கு என்பது பொருத்தமான விளக்கம். சான்சல் ஒரு பக்கம் கோணலாக இருந்தால், சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததைக் குறிக்கிறது என்ற கதையும் வரும். நேவ் வேறு காலம், சான்சல் வேறு காலம், இரண்டாவது முறை நூல் பிடித்தவர் கொஞ்சம் தவறவிட்டார், அவ்வளவுதான்.

எங்கும் போகாத படிக்கட்டு

சான்சல் வளைவின் ஓரம், தரைமட்டத்தில் ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் அளவுக்கு ஒரு வாசல். அண்ணாந்து பார்த்தால் அதற்கு மேலே, அந்தரத்தில் இன்னொரு வாசல். இரண்டையும் இணைத்துச் சுவருக்குள் படிக்கட்டு. முதல்முறை பார்ப்பவர்களுக்குப் புதிராக இருக்கும்.

இடைக்காலத்தில் இந்த வளைவை மரத்தட்டி ஒன்று மறைத்திருந்தது. கீழே பலகை, மேலே கம்பிகள் போன்ற செதுக்கு வேலை. தட்டியின் தலையில் ஒரு பரண், பரணுக்கு மேல் சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாள், யோவான். பரணுக்கு ஏறத்தான் படிக்கட்டு. எட்டாம் என்றியின் மகன் எட்வர்டின் ஆட்சியில், 1547–48இல், உருவங்களைக் கழற்றச் சொல்லி ஆணை வந்தது. 1561இல் முதலாம் எலிசபெத் பரண்களை இறக்கச் சொன்னார், தட்டியை விட்டுவைக்கச் சொன்னார். அதனால்தான் தட்டிகள் நிறைய மிஞ்சின, பரண்கள் மிக அரிதாயின. நார்ஃபோக்கில் அட்டில்பரோ, டெவனில் ஆதரிங்டன் போன்ற சில இடங்களில் பரணின் பகுதிகளைப் பார்க்கலாம்.

படிக்கட்டு இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும். வளைவின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் கல்லில் அடைத்த சதுரக் குழி இருந்தால் அது உத்தரம் செருகிய இடம். தட்டி மிஞ்சியிருந்தால் குனிந்து கீழ்ப் பலகைகளைப் பாருங்கள். புனிதர்களின் ஓவிய வரிசை இருக்கும். நார்ஃபோக் ரான்வர்த்தில் 15ஆம் நூற்றாண்டு வண்ணம் இன்னும் நிற்கிறது. பல ஊர்களில் உடல் முழுதும் அப்படியே இருக்க, முகத்தை மட்டும் ஆணியால் கீறியிருப்பார்கள், குறிப்பாகக் கண்களை.

வளைவுக்கு மேல் இறுதித் தீர்ப்பு ஓவியம் இருப்பது வழக்கம். சஃபோக் வென்ஹாஸ்டனில் அதை மரப்பலகையில் தீட்டியிருந்தார்கள், பிறகு வெள்ளையடித்து மறைத்தார்கள். 1892இல் பழுதுபார்த்தபோது குப்பை என்று பலகைகளைக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். மழை பெய்தது, வெள்ளை கரைந்தது, ஓவியம் வெளியே வந்தது. இன்று உள்ளே மாட்டியிருக்கிறார்கள். நடுவே சிலுவை வடிவிலும் இரண்டு ஆள் வடிவிலும் வண்ணமே படாத வெற்றிடம் தெரியும். மரச்சிலைகள் முன்னால் நின்றதால் அந்த இடத்தில் யாரும் தீட்டவில்லை. காணாமல்போன சிலைகளின் அளவை அந்த வெற்றிடத்தில் அப்படியே அளக்கலாம்.

ஞானஸ்நானத் தொட்டி

வாசலுக்கு அருகே, மேற்குப் பக்கம் இருக்கும். கோயிலில் எல்லாவற்றையும்விட மூத்ததாக இது இருப்பது சகஜம். கட்டடத்தை மாற்றினாலும் தொட்டியை மாற்ற மனம் வராது. பீப்பாய் வடிவமோ, நடுவில் ஒன்றும் மூலைக்கொன்றுமாக ஐந்து கால்களில் நிற்கும் சதுரமோ பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டு. எண்கோணம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. நார்ஃபோக், சஃபோக்கில் ஏழு முகத்தில் ஞானஸ்நானம், திருமணம் முதலான ஏழு அருட்சாதனங்களைச் செதுக்கிய எண்கோணத் தொட்டிகள் உண்டு.

விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் உடைந்தோ, ஈயம் ஊற்றிய குழியோ, வேறு நிறக் கல்லால் ஒட்டுப்போட்டோ இருக்கும். மந்திரவாதத்துக்காகப் புனித நீரைத் திருடுகிறார்கள் என்று 1236இல் தொட்டிகளை மூடிப் பூட்டச் சொன்னார்கள். மூடியின் பூட்டுக்கொக்கி பதித்த இடம்தான் அது. கொக்கியைப் பிடுங்கியபோது விளிம்பும் பெயர்ந்துவிட்டது. அந்தத் தழும்பு இருந்தால் தொட்டி இடைக்காலத்தது என்று தைரியமாகச் சொல்லலாம். 1660களின் ஆண்டு பொறித்த தொட்டி என்றால், மன்னராட்சி இல்லாத கிராம்வெல் காலத்தில் பழையது வெளியே எறியப்பட்டு, மன்னராட்சி திரும்பியபின் புதிதாக வைத்தது.

மரம், கண்ணாடி, பித்தளை

15ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான நேவ்களில் உட்கார இருக்கை இல்லை, நின்றார்கள். பெஞ்சு வந்தபின் அதன் ஓரப்பலகை தச்சர்களின் களமானது. கிழக்கு இங்கிலாந்தில் நுனியில் இலைக்கொத்து, தென்மேற்கு இங்கிலாந்தில் சதுரமான தடிப்பலகை. சாமர்செட் பிரெண்ட் நோலில் மடாதிபதி உடையில் நரி, கடைசிப் பலகையில் அதைத் தூக்கிலிடுகிறார்கள். ஊருக்கு எந்த மடத்தோடு என்ன வழக்கோ! பலகை மஞ்சளாக, ஒரே அச்சில், எண் போட்டிருந்தால் விக்டோரியா காலம், அதாவது 19ஆம் நூற்றாண்டு.

கூரையைப் பார்க்க நேவின் நடுவே படுப்பதே உத்தமம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேம்பிரிட்ஜ்ஷர் மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட தேவதைகள் கூரையில் சிறகு விரித்து நிற்கின்றன. சஃபோக் பிளைபரோவின் மரத் தேவதைகளில் ஈயக் குண்டுகள் இருக்கின்றன. 1644இல் உருவங்களை உடைக்க வந்த வில்லியம் டௌசிங் மீது அந்தப் பழியைப் போடுவார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் உள்ளே கூடுகட்டிய காகங்களைச் சுட்டதற்குக் கோயில் கணக்கிலேயே செலவு எழுதியிருக்கிறது.

கண்ணாடியை உள்ளே ரசித்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். பழங்கண்ணாடியின் வெளிமுகம் அம்மைத் தழும்பு போல அரித்திருக்கும். விக்டோரியா கண்ணாடி வழவழப்பாக இருக்கும். முழுத்தொகுதியும் தப்பிய ஒரே பங்குக்கோயில் குளோஸ்டர்ஷர் ஃபேர்ஃபோர்ட், 28 சன்னல்கள். மற்ற ஊர்களில் உடைந்த துண்டுகளை ஒரே சன்னலில் கலந்து வைத்திருப்பார்கள்.

தரையில் பதித்த பித்தளைத் தகடுகளில் உருவத்தின் காலடியைப் பாருங்கள். நார்த்லீச்சில் கம்பளி வியாபாரிகள் ஆட்டின் மேலும் கம்பளி மூட்டையின் மேலும் நிற்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே தகடு செய்துவைப்பது உண்டு. இறந்த தேதிக்கு விட்ட இடம் நிரப்பப்படாமலே போன தகடுகள் பல. மேலே தாள் விரித்து மெழுகு தேய்த்துப் படியெடுக்க வேண்டுமானால் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள். பாலிஷ் போட்டுத் துடைக்கவே கூடாது, மெல்லிய கோடுகள் தேய்ந்துபோகும். கல் உருவத்தின் கால்கள் குறுக்கே மடிந்திருந்தால் சிலுவைப்போருக்குப் போனவர் என்பதும் வெறும் கதை.

விக்டோரியா காலத்தைக் கழித்துப் பார்ப்பது

1840 முதல் 1880 வரை இங்கிலாந்தின் பெரும்பாலான கோயில்களில் கைவைத்தார்கள். அதன் வேகத்தைப் பார்த்துத்தான் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சாந்தைச் சுரண்டி எடுத்துக் கல்லை வெறுமையாக நிறுத்தியது அந்தக் காலத்து ரசனை. அந்தக் கரடுமுரடைப் பார்த்து 'எவ்வளவு பழமை!' என்று வியக்காதீர்கள். இடைக்காலத்தில் அந்தச் சுவர் சாந்து பூசி, வண்ணம் தீட்டியிருந்தது.

சென்னை சாந்தோம் பேராலயம் போல 1890களின் கோதிக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விக்டோரியா செதுக்கே சரியாகத் தோன்றும். அங்கே விளிம்பு கூர்மை, இடமும் வலமும் ஒத்த அச்சு, உளிக்கோடு சீர். நார்மன் கல்லில் கோடாரி வெட்டு சாய்வாகவும் சீரற்றும் ஓடும். 1200ஐ ஒட்டிப் பல்லுளியின் நுண்வரிகள் பரவலாக வரத் தொடங்குகின்றன.

இதைப் பார்க்க உள்விளக்கை அணைத்து, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் உளிக்கோடும் கொத்தனார் குறியும், காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூவும் எழுந்து வரும். ஹெர்ட்ஃபோர்ட்ஷர் ஆஷ்வெல் கோபுரத்தின் உட்சுவரில், 1350இன் கொள்ளைநோயையும் 1362 ஜனவரியின் (அன்றைய கணக்கில் 1361) பெரும்புயலையும் பற்றி இலத்தீனில் கீறியிருப்பதை இப்படிப் படிக்கலாம். தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், கல் மென்மையானது. படம் எடுங்கள்.

கடைசியாக, தாளில் தரைப்படம் வரைந்து, காலத்துக்கு ஒரு நிறமாகச் சுவர்களைத் தீட்டுங்கள். எந்த நிறம் எதை வெட்டுகிறது என்று பார்த்தால், தவறாகப் போட்ட தேதி தானே முரண்டுபிடிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

வெளியேறும்போது முகப்பு மண்டபத்தின் கம்பிவலைக் கதவைச் சாத்திக் கொக்கி போடுங்கள். உள்ளே மாட்டிக்கொள்ளும் பறவை தண்ணீரில்லாமல் செத்துப்போகும்.